தனி ஆட்டமா? கூட்டு ஆட்டமா?

ஒருவர் மட்டும் தனியாக ஆடி வந்த விளையாட்டு ஒன்று. அதை, "இனி ஊரோடு சேர்ந்துதான் ஆட வேண்டும்" என்று மாற்றிவிட்டால் என்ன ஆகும்?

சிலர் கை தட்டுவார்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். ஒரே ஆள் ஒரு நாள் கை தட்டி, மறுநாள் முகம் சுளிப்பதும் உண்டு!

கம்ப்யூட்டர் விளையாட்டு உலகில் 20 ஆண்டுகளுக்கு மேலாக இதுதான் நடந்து வருகிறது. கதைப் புத்தகம் படிப்பது போலத் தனியே உட்கார்ந்து ஆடிய ஆட்டங்கள், இன்டர்நெட் மூலம் பலர் சேர்ந்து ஆடும் 'ஆன்லைன்' ஆட்டங்களாக மாறுகின்றன. அவற்றின் ரசிகர்கள் மகிழ்வதா, வருந்துவதா என்று தெரியாமல் தவிக்கிறார்கள்.

எங்கோ அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நடக்கிற சங்கதி என்று இதைத் தள்ளிவிட முடியாது. செல்போன் இருக்கும் வீட்டில் எல்லாம் இந்த விளையாட்டு இருக்கிறது. கோயில் மணியும் தறிச் சத்தமும் கேட்கும் காஞ்சீபுரத்திலும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது பொழுதுபோக்கு. பெற்றோருக்கு அது கவலை.

கவலைப்படுவதற்கு முன்னால், இந்த மாற்றம் என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டும் ஒன்றல்ல

"எப்போது பார்த்தாலும் செல்போனில் விளையாட்டு!" என்று பெரியவர்கள் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால், விளையாட்டில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை, தனி ஆட்டம். இதில் ஆடுகிறவரே கதாநாயகர். காட்டில் வழி தேடலாம், கோட்டையைப் பிடிக்கலாம், நகரம் கட்டலாம். எதிரே வருகிறவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் படைத்த பாத்திரங்கள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் பொத்தானை அழுத்தி ஆட்டத்தை நிறுத்தி வைக்கலாம். கதாநாயகன் ஓங்கிய வாளோடு அப்படியே நிற்பான். சாப்பிட்டு, கை கழுவி, பாடம் படித்துவிட்டு வந்தாலும் அதே இடத்தில் நிற்பான்.

இரண்டாவது வகை, கூட்டு ஆட்டம். இதில் எதிரே வருகிறவர் உண்மையான மனிதர். அவர் அடுத்த தெருவில் இருக்கலாம். அடுத்த நாட்டிலும் இருக்கலாம். இங்கே ஒருவருக்காக ஆட்டம் நிற்காது. நடுவில் எழுந்து போனால், கூட ஆடுகிறவர்கள் தோற்றுப் போவார்கள்.

"டேய், சோறு ஆறுதுடா!"

"இரும்மா, நடுவிலே விட்டுட்டு வர முடியாது!"

இந்தச் சண்டை எந்த வீட்டில் நடக்கவில்லை? 'பிள்ளை திமிராகப் பேசுகிறான்' என்று தாய் நினைக்கிறாள். 'நண்பர்களை எப்படிக் கைவிடுவது?' என்று பிள்ளை நினைக்கிறான். நிறுத்தி வைக்கும் பொத்தான் இல்லாததுதான் இதில் பாதிச் சண்டைக்குக் காரணம்!

தனி ஆட்டம் கூட்டு ஆட்டமாக மாறும்போது, ரசிகர் முதலில் இழப்பது இந்தப் பொத்தானைத்தான்.

இந்தியாவில் நடந்த கதை

நம் நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது.

2020 செப்டம்பர் 2-ந் தேதி மத்திய அரசு 118 'ஆப்'களுக்குத் தடை விதித்தது. அவற்றில் ஒன்று 'பப்ஜி'. நூறு பேர் ஒரு தீவில் இறங்கிச் சண்டை போட்டு, கடைசி வரை தாக்குப் பிடிப்பவர் வெற்றி பெறும் ஆட்டம் அது. லட்சக்கணக்கான இளைஞர்கள் அதில் மூழ்கியிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 4-ந் தேதி, இந்தி நடிகர் அக்சய் குமார் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பெங்களூரைச் சேர்ந்த 'என்கோர் கேம்ஸ்' என்ற கம்பெனி, 'ஃபௌஜி' என்ற இந்திய விளையாட்டைத் தயாரிக்கிறது என்பதே அது. 'ஃபௌஜி' என்றால் இந்தியில் படைவீரன் என்று பொருள்.

2021 ஜனவரி 26-ந் தேதி, குடியரசு தினத்தன்று, விளையாட்டு வெளிவந்தது. லடாக்கில் உள்ள கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய வீரர் ஒருவர் எதிரிகளோடு மோதுகிறார். உடல் தளர்ந்தால் தீ மூட்டிய இடத்தில் சற்று உட்கார்ந்து தெம்பு பெறுகிறார். மறுபடி எழுந்து நடக்கிறார்.

ஆனால், அது தனி ஆட்டமாக இருந்தது!

பப்ஜியைப் போல நண்பர்களோடு சேர்ந்து ஆடலாம் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். ராணுவக் கதை பிடித்தவர்கள் பாராட்டினார்கள். "கூட்டாளிகள் எங்கே?" என்று மற்றவர்கள் கேட்டார்கள்.

கூட்டு ஆட்டம் பின்னால் வரும் என்று கம்பெனி முன்பே சொல்லியிருந்தது. அதன்படி 2021 ஜூன் மாதம் அணியாக மோதும் ஆட்டம் சோதனையாக வந்தது. 2025 ஜனவரியில் 'ஃபௌஜி டாமினேஷன்' என்ற புதிய விளையாட்டு வெளிவந்தது. அது அணிகள் மோதிக்கொள்ளும் ஆட்டம். டெல்லி மெட்ரோ ரயில் நிலையமும், சென்னைத் துறைமுகமும் அதில் போர்க்களங்கள்!

இங்கே ரசிகர்கள் கூட்டத்தைக் கேட்டார்கள். கேட்டது கிடைத்தது. கூட்டு ஆட்டத்தைக் கம்பெனிக்காரர்கள் மட்டும் விரும்புவதில்லை. ரசிகர்களும் விரும்புகிறார்கள் என்பதற்கு இதுவே சாட்சி.

ஆனால், எல்லா இடத்திலும் கதை இப்படிப் போகவில்லை.

ஆளில்லாத ஊர்

அமெரிக்காவில் 'ஃபால்அவுட்' என்ற விளையாட்டு வரிசை 1997-ல் தொடங்கியது. அணுகுண்டுப் போரில் உலகம் அழிந்து போகிறது. பூமிக்கு அடியில் கட்டிய நிலவறையிலிருந்து ஒருவர் வெளியே வருகிறார். பாழடைந்த ஊர்களில் தன்னந்தனியே நடக்கிறார். அங்கங்கே மிஞ்சியிருக்கும் மனிதர்களைச் சந்திக்கிறார். அவர்களுடைய கதையைக் கேட்கிறார். அந்தத் தனிமைதான் ஆட்டத்தின் ருசி.

2018 நவம்பரில் 'ஃபால்அவுட் 76' வந்தது. இது ஆன்லைன் ஆட்டம். பல பேர் ஒரே உலகத்தில் நடமாடலாம் என்றார்கள்.

பழைய ரசிகர்கள் ஆவலோடு உள்ளே போனார்கள். பார்த்தால், கதை சொல்ல ஒரு மனிதர்கூட இல்லை! ரோபோக்களும், இறந்து போனவர்கள் பதிவு செய்து வைத்த குரல்களும்தான் இருந்தன. உயிரோடு நடமாடிய மனிதர்கள் எல்லாரும் அவர்களைப் போலவே ஆட வந்தவர்கள். கூட்டம் சேர்ந்தது, கதை காணாமல் போயிற்று. விமர்சகர்களும் ரசிகர்களும் கடுமையாகக் குறை சொன்னார்கள்.

பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. 2019 அக்டோபரில் கம்பெனி ஒரு மாதச் சந்தாத் திட்டம் கொண்டு வந்தது. மாதம் சுமார் 13 டாலர் கட்டினால், தனக்கென்று தனி உலகம் கிடைக்கும். வெளியார் நுழைய மாட்டார்கள். முன்பு இலவசமாக இருந்த தனிமைக்கு இப்போது வாடகை!

2020 ஏப்ரலில் கம்பெனி தன் போக்கை மாற்றிக்கொண்டது. பேசும் மனிதப் பாத்திரங்களை ஆட்டத்துக்குள் கொண்டு வந்தது. ரசிகர்கள் கோபம் தணிந்தது. 2024 ஏப்ரலில் 'ஃபால்அவுட்' டெலிவிஷன் தொடராக வந்தபோது, 'ஃபால்அவுட் 76'-ஐ ஒரே நாளில் 10 லட்சம் பேர் ஆடினார்கள்.

திட்டியவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். வந்ததற்குக் காரணம், பறிபோன கதை திரும்பக் கிடைத்ததுதான்.

நகரத்துக்குள் நுழைய முடியவில்லை!

'சிம் சிட்டி' என்ற விளையாட்டு 1989-ல் முதலில் வந்தது. சாலை போடலாம். வீடு கட்டலாம். மின்சாரம் கொடுக்கலாம். ஒருவர் தனியாக உட்கார்ந்து ஒரு நகரத்தையே நிர்வாகம் செய்யலாம். சண்டை சச்சரவு இல்லாத, மூளைக்கு வேலை தரும் ஆட்டம்.

2013 மார்ச் மாதம் அதன் புதிய பதிப்பு வந்தது. 'இன்டர்நெட் இணைப்பு இருந்தால்தான் ஆட முடியும்' என்று கட்டாயம் ஆக்கினார்கள். தனியாக ஆட நினைத்தாலும், கம்பெனியின் 'சர்வர்' வழியாகத்தான் போக வேண்டும். சர்வர் என்பது கம்பெனி வைத்திருக்கும் பெரிய கம்ப்யூட்டர். எல்லாருடைய ஆட்டமும் அதன் வழியாகவே ஓடும்.

முதல் நாளிலேயே சர்வர் திணறியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் வாசலில் காத்து நின்றார்கள். தான் கட்டிய நகரத்துக்குள் தானே நுழைய முடியவில்லை!

கம்பெனி வருத்தம் தெரிவித்து, வேறொரு விளையாட்டை இலவசமாகக் கொடுத்தது. ஓராண்டு கழித்து, 2014 மார்ச் மாதம், இன்டர்நெட் இல்லாமலும் ஆட வழி செய்தது. முதலிலேயே செய்திருந்தால் அந்தத் தலைகுனிவு வந்திருக்காது.

கரண்ட் போவதும், 'டவர்' கிடைக்காததும் நம் ஊரில் புதிதல்ல. இன்டர்நெட் இருந்தால்தான் ஆட்டம் என்றால், அந்த இழப்பு இங்கேதான் அதிகம்.

வழி காட்டிய ஜப்பான்

கூட்டு ஆட்டமாக மாறி வெற்றி பெற்றவர்களும் இருக்கிறார்கள்.

ஜப்பானின் 'ஃபைனல் ஃபேன்டஸி' 1987-ல் தொடங்கிய கதை வரிசை. ஒருவர் ஆடும் நீண்ட கதைகளுக்குப் பேர் போனது. அதன் 11-வது பாகம் 2002-ல் ஆன்லைனுக்குப் போனது. 14-வது பாகமும் ஆன்லைனாக 2010-ல் வந்தது. ஆனால், குறைகள் மலிந்திருந்ததால் படுதோல்வி அடைந்தது.

கம்பெனி சாக்குப் போக்குச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டது. 2012-ல் அந்த ஆட்டத்தையே மூடிவிட்டு, புதிதாகக் கட்டி 2013-ல் திறந்தது. 2021 டிசம்பரில் கூட்டம் தாங்க முடியாமல், விற்பனையைச் சில வாரங்கள் நிறுத்தி வைக்கும்படி ஆயிற்று!

இந்த வெற்றிக்குக் காரணங்களில் ஒன்று நல்ல கதை. தனியாக ஆட விரும்புகிறவர்களையும் இவர்கள் மறந்துவிடவில்லை. நான்கு பேர் சேர்ந்து கடக்க வேண்டிய கதைக் கட்டங்களை, கம்ப்யூட்டர் தரும் மூன்று துணைவர்களோடு ஒருவரே கடக்கலாம் என்று பின்னாளில் வழி வகுத்தார்கள். கூச்ச சுபாவம் உள்ளவரும் ஆடலாம். நேரம் குறைவாக உள்ளவரும் ஆடலாம்.

கூட்டம் வேண்டுவோருக்குக் கூட்டம். தனிமை வேண்டுவோருக்குத் தனிமை. இரண்டு கதவும் திறந்திருந்தன.

கம்பெனி ஏன் மாற்றுகிறது?

காரணம் எளிது. காசு!

தனி ஆட்டம் புத்தகம் போன்றது. ஒரு முறை விற்றால் அதோடு கணக்கு முடிந்தது. கூட்டு ஆட்டம் டீக்கடை போன்றது. வாடிக்கைக்காரர் தினமும் வருவார். சந்தா கட்டுவார். தன் பாத்திரத்துக்குப் புதுச் சட்டை வாங்குவார். புதுத் துப்பாக்கி வாங்குவார்.

'ஜி.டி.ஏ. 5' என்பது 2013-ல் வந்த, பெரியவர்களுக்கான குற்றக்கதை ஆட்டம். 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதோடு சேர்ந்து வந்த ஆன்லைன் ஆட்டத்துக்கு ஆண்டுதோறும் புதுப்புதுப் பகுதிகள் வந்தன. தனியாக ஆடும் கதைக்கோ ஒரு புதுப் பகுதிகூட வரவில்லை. கதை ரசிகர்கள் வழி மேல் விழி வைத்துக் காத்திருந்ததுதான் மிச்சம்.

லாபம் தேடுவது குற்றம் இல்லை. விளையாட்டை உருவாக்க நூற்றுக்கணக்கானவர்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். அவர்களுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆனால், பழைய வாடிக்கைக்காரரை வாசலுக்கு வெளியே தள்ளி விட்டுத் தேடும் லாபம் நிலைக்காது.

இரு தரப்பு நியாயம்

கூட்டு ஆட்டத்தை விரும்புகிறவர்களின் நியாயத்தையும் கேட்க வேண்டும்.

தறி வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் இன்று தறியில் உட்காருவதில்லை. ஒருவர் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைக்குப் போகிறார். ஒருவர் சென்னைக்குப் போகிறார். ஒருவர் சிங்கப்பூருக்குப் போகிறார். தெருவில் ஒன்றாகக் கோலி ஆடியவர்கள் திசைக்கொருவராகப் பிரிகிறார்கள். இரவு ஒரு மணி நேரம் செல்போனில் சேர்ந்து ஆடினால், பழைய தெருவே திரும்பி வந்தது போல இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தைக் குறைவாக எண்ணலாமா?

வீட்டை விட்டு வெளியே நடமாட முடியாத ஒருவருக்கு, நாலு பேரோடு பேசிச் சிரிக்க அது ஒரு வழி.

கூட்டு வேலையின் அருமை காஞ்சீபுரத்துக்குத் தெரியாததா? கோர்வைப் புடவையின் உடலுக்கு ஒரு நிறம். கரைக்கு வேறு நிறம். இரண்டையும் நூலோடு நூல் கோர்த்து நெய்ய வேண்டும். நெசவாளர் ஒருவர் மட்டும் போதாது. கரைக்கு நாடா எறிய, பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். இரண்டு பேர் கையும் ஒத்துப் போனால்தான் புடவை.

ஆனால், தனி ஆட்டத்தை விரும்புகிறவர்களுக்கும் நியாயம் இருக்கிறது.

நாள் முழுவதும் பலரோடு பேசி, பலருக்குப் பதில் சொல்லி, களைத்து வருகிறார் ஒருவர். அவருக்கு வேண்டியது அரை மணி நேர அமைதி. அங்கேயும் யாரோ ஒருவர் வந்து, "ஏன் தாமதம்? உனக்கு ஆடத் தெரியாதா?" என்று அதட்டினால் எப்படி இருக்கும்?

பெண்களின் நிலை இன்னும் சங்கடம். ஆன்லைன் ஆட்டத்தில் பெண் குரல் கேட்டவுடன் கேலி செய்யும் ஆண்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அதனால் பல பெண்கள் வாய் திறக்காமலே ஆடுகிறார்கள். தனி ஆட்டத்தில் இந்தத் தொல்லை இல்லை. அண்ணன் தம்பி கையிலிருந்து போன் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில், ஒரு பெண் ராணியாகவும் வீராங்கனையாகவும் உலா வரலாம்.

தனியாக ஆடுவது ஏதோ புதுப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். பல்லாங்குழியை இரண்டு பேர் ஆடுவது வழக்கம். ஒருவர் மட்டுமே ஆடும் வகையும் அதில் உண்டு. அதற்குப் பெயர் 'சீதைப் பாண்டி'. அசோக வனத்தில் சீதை தனியே இருந்தபோது ஆடியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். துணை இல்லாத நேரத்தில் ஆட்டமே துணை என்பது நம் பாட்டிமார் அறிந்த விஷயம்.

பீரோவில் இருக்கும் புடவை

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது.

பாட்டி தன் கல்யாணப் பட்டுப் புடவையை பீரோவில் வைத்திருக்கிறாள். நாற்பது ஆண்டு ஆனாலும் அது அவள் புடவை. பேத்திக்குக் கொடுக்கலாம். விற்ற கடையையே மூடிவிட்டாலும், யாரும் வந்து புடவையைப் பறிக்க முடியாது.

பழைய தனி ஆட்டமும் அப்படித்தான். தட்டை வாங்கி வைத்தால், பத்து ஆண்டு கழித்து அதே கருவியில் போட்டாலும் ஓடும்.

ஆன்லைன் ஆட்டம் அப்படி இல்லை. கம்பெனி சர்வரை நிறுத்தினால் ஆட்டமும் செத்துப் போகும்!

'தி க்ரூ' என்று ஒரு கார்ப் பந்தய விளையாட்டு. 2014-ல் வந்தது. அதைத் தனியாகவும் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் சர்வர் இணைப்பு கட்டாயம். 2024 மார்ச் 31-ந் தேதி கம்பெனி சர்வரை மூடியது. அன்றோடு, விலை கொடுத்து வாங்கியவர் கையிலும் ஆட்டம் ஓடவில்லை.

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. 'விற்ற விளையாட்டைக் கொல்லாதே' என்று இயக்கம் தொடங்கினார்கள். ஆட்டத்தை மூடும்போது, வாங்கியவர்கள் தொடர்ந்து ஆட ஏதாவது வழி விட்டுப் போக வேண்டும் என்பது கோரிக்கை. ஐரோப்பாவில் நடந்த கையெழுத்து வேட்டை, 2025 ஜூலையில் 10 லட்சத்தைத் தாண்டியது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு சட்டம் 2025 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. திரும்பப் பறிக்கக்கூடிய டிஜிட்டல் பொருளை விற்கிறவர், 'இது சொந்தம் ஆகாது. பயன்படுத்தும் அனுமதி மட்டுமே' என்று வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று விளம்பரம் செய்யக்கூடாது.

நம் நாட்டிலும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு அது தடை விதிக்கிறது. குடும்பங்களை அழித்த சூதாட்டத்துக்கு எதிரான சட்டம் அது. கதை ஆட்டத்தை வாங்கியவரின் உரிமை என்பது வேறு கேள்வி. அதையும் ஒரு நாள் கேட்கத்தான் வேண்டும்.

மூலவரும் உற்சவரும்

எது சரி? தனி ஆட்டமா, கூட்டு ஆட்டமா?

இதற்குக் காஞ்சீபுரத்துத் தெருக்களே பதில் சொல்லும்.

வைகாசி மாதம் வரதராஜப் பெருமாள் கோயிலில் கருட சேவை. உற்சவர் கருட வாகனத்தில் ஏறி வீதிக்கு வருகிறார். ஊரே திரண்டு நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒருவராக நிற்பதே ஆனந்தம்!

ஆனால், உற்சவர் வீதிக்கு வந்தார் என்பதற்காக யாராவது மூலவரை எடுத்துவிட்டார்களா? மூலவர் அத்திகிரியில் அப்படியே இருக்கிறார். கூட்டம் கலைந்த பிறகு, ஒரு சாதாரண நாளில், ஒருவர் மட்டும் படியேறிப் போய் மனதில் உள்ளதைச் சொல்லிவிட்டு வரலாம்.

கடவுளையும் விளையாட்டையும் ஒப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. மனிதர் மனம் எப்படிப்பட்டது என்பதற்காகச் சொல்வது. அதற்குத் திருவிழாவும் வேண்டும், தனிமையும் வேண்டும். நம் முன்னோர்கள் ஒன்றைக் கொடுப்பதற்காக மற்றொன்றைப் பறிக்கவில்லை.

விளையாட்டுக் கம்பெனிகள் கற்க வேண்டிய பாடம் இதுதான். கூட்டு ஆட்டத்தைத் தாராளமாகச் சேர்க்கட்டும். தனி ஆட்டத்தை எடுத்துவிட வேண்டாம். இன்டர்நெட் கட்டாயம் என்றால், விற்கும்போதே பெரிய எழுத்தில் சொல்லட்டும். சர்வரை மூடும் நாள் வந்தால், வாங்கியவர் தன் வீட்டில் தொடர்ந்து ஆட ஒரு வழி செய்துவிட்டு மூடட்டும்.

ரசிகர்களும் ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்ள வேண்டாம். "கூட்டம் பிடிக்காதவன் சிடுமூஞ்சி" என்பதும் தவறு. "கூட்டத்தோடு ஆடுகிறவனுக்கு ரசனை இல்லை" என்பதும் தவறு.

பெற்றோர்களே! பிள்ளை கையில் செல்போனைப் பார்த்தவுடன் கோபம் வருவது இயற்கை. கோபத்துக்கு முன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

"இதை நடுவில் நிறுத்தி வைக்க முடியுமா?"

"கூட ஆடுகிறவர் யார்? உனக்குத் தெரிந்தவரா?"

"இதற்குள் காசு கேட்கிறார்களா?"

நிறுத்தி வைக்கக்கூடிய ஆட்டம் என்றால், சோற்றுக்குக் கூப்பிட்டவுடன் பிள்ளை எழுந்து வரலாம். வராவிட்டால் கண்டிக்கலாம். நிறுத்த முடியாத ஆட்டம் என்றால், ஆடத் தொடங்கும் முன்பே நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளலாம். ஓர் ஆட்டம் எத்தனை நிமிடம் என்று பிள்ளைக்குத் தெரியும். சாப்பாட்டுக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது என்று தாய்க்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சண்டைக்கு இடம் இல்லை.

தெரியாத ஆள் என்றால், பேச்சு வேண்டாம் என்று சொல்லலாம். காசு கேட்டால், பெரியவர்களைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லலாம்.

தனி ஆட்டம் இருந்த இடத்தில் அப்படியே இருக்கட்டும். கூட்டு ஆட்டம் பக்கத்தில் வந்து உட்காரட்டும். ஒன்றுக்காக மற்றொன்றை இழக்கச் சொன்னால், கம்பெனி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ரசிகர்கள் 'மாட்டோம்' என்று சொல்ல வேண்டும். ஃபால்அவுட்டிலும் சிம் சிட்டியிலும் அப்படிச் சொன்னார்கள். கம்பெனிகள் கேட்டுக்கொண்டன!